ஏழு வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல்

கல்லூரி முதல் வருடத்தில் நான் தொடங்கிய மின்னஞ்சல் முகவரி, கல்யாணமாகி மூன்று வருடத்தில் ஏழு வீட்டுக்குப் பொதுவாகிவிட்டது. அது ஒரே நாளில் நடந்ததல்ல. முதலில் என் மாமனார் பட்டா நகல் எடுக்கப் பாலக்கோட்டுக்குப் போனார். பிரவுசிங் சென்டரில் மெயில் ஐடி கேட்டிருக்கிறார்கள். “எங்க மருமவளுது இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு எனக்குப் போன் போட்டார். நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அங்கிருந்தவர் அதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க, மாமா சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அந்தச் சீட்டு தெருவில் சுற்ற ஆரம்பித்தது. எதிர் வீட்டு அக்கா அதைக் கேஸ் சிலிண்டர் புத்தகத்தின் உள் அட்டையில் எழுதி வைத்திருந்தார். நான் போய் உட்கார்ந்தபோது தற்செயலாகத்தான் பார்த்தேன்.

சொட்டுநீர் மானியம், மின் இணைப்பில் பெயர் மாற்றம், பயிர்க் காப்பீடு, ஓசூர் கம்பெனிக்கு வேன் ஏறிப் போகும் பெண்ணின் சம்பளச் சீட்டு, யாரோ ஒருவரின் வயிற்று ஸ்கேன். எல்லாம் என் போனில் வந்து விழும். எது வந்தாலும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்தந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன். எனக்கென்று மெயில் வந்த ஞாபகமே இல்லை. பி.எஸ்சி. கணினி அறிவியல் படித்தவள் நான். குழந்தைக்கு இரண்டரை வயதாகிறது, வேலைக்குப் போகவில்லை. “எல்லாருக்கும் எங்க மருமவ பொட்டியிலதான் வருது” என்று அத்தை யாரிடமாவது சொல்லும்போது, நான் உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்பேன். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடம் அந்தப் பெட்டியில் நாங்கள் எதிர்பார்த்தது ஒரே ஒரு மெயிலைத்தான். என் கணவரின் தங்கை நர்சிங் டிப்ளமோ முடித்தவள். புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்து இரண்டு வருடமாகியிருந்தது. ஏன் வந்தாள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பாலக்கோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்த்துவிட்டு, காலையில் வந்து, தக்காளிக் கிரேடுப் பெட்டிகள் அடுக்கிய அறையில் பாய் விரித்துத் தூங்குவாள். பத்து மணிக்கு என் கணவர் கிரேடு எடுக்க உள்ளே போவார். அவள் எழுந்து சுவர் ஓரமாக உட்காருவாள். அவர் போன பிறகு மறுபடி படுப்பாள்.

ஒப்பந்த நர்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தபோது விண்ணப்பத்தை நான்தான் பூர்த்தி செய்தேன். சான்றிதழ் சரிபார்ப்புக்கான அழைப்பு மின்னஞ்சலில் மட்டுமே வரும், தபாலில் வராது என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவளுக்கென்று தனியாக ஒரு மெயில் தொடங்கலாமே என்று எனக்குத் தோன்றியது உண்மை. அவள் சொன்னாள்: “உங்களுதே போடுங்க அண்ணி. நான் தூங்கிடுவேன். நீங்கதான் கண்ணும் கருத்துமா பாப்பீங்க.” வேலை கிடைத்தால் தர்மபுரியில் ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொள்வதாக இருந்தாள். அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருந்தால் போதும் என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அதற்குச் சில நாள் முன்னால் மகளிர் குழுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். போனில் வரும் மோசடி பற்றி யாராவது பேச வேண்டும் என்று மேலிருந்து சொல்லியிருந்தார்களாம். நான் மூன்று நாள் உட்கார்ந்து குறிப்பு எடுத்தேன். சார்ட்டில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். அனுப்பியவர் முகவரியை முழுதாகப் பாருங்கள். உடனே செய்யாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று பயமுறுத்தினால் நம்பாதீர்கள். மெயிலில் இருக்கிற இணைப்பைத் தொட்டு பாஸ்வேர்டு போடாதீர்கள். உண்மையான இடத்திலிருந்து வந்தால் பெரும்பாலும் உங்கள் பெயரைச் சொல்லி எழுதுவார்கள். பெயரில்லாமல் வந்தால் சந்தேகப்படுங்கள்.

குழுத் தலைவியம்மா கையைத் தூக்கினார். “ஏங்கண்ணு, பேரு சொல்லிக் கூப்புடலைன்னா திருடனா? எங்க வூட்டுக்காரரு முப்பது வருசமா என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்லியே!”

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருத்தர், “அவரு திருடன்தான், உனக்குத்தான் இன்னும் தெரியல” என்றார்.

“எங்களுக்கு எதுக்கு இதெல்லாம்? எங்க மெயிலெல்லாம் உன் பொட்டியிலதானே வருது. நீ பாத்துக்க மாட்டியா?” என்றார் எதிர் வீட்டு அக்கா.

“பாத்துக்கறேங்க்கா” என்றேன்.

அந்த மெயில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. குழந்தை சோற்றை வாயில் அடக்கிக்கொண்டு விழுங்காமல் இருந்தாள். போனில் பாட்டு ஓடினால்தான் விழுங்குவாள். பாட்டுக்கு மேலே அந்த அறிவிப்பு வந்து நின்றது. உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, இன்று மாலைக்குள் விரிவாக்கம் செய்யாவிட்டால் புதிய மெயில்கள் திருப்பி அனுப்பப்படும் என்று ஆங்கிலத்தில் இருந்தது.

எனக்கு அது சந்தேகப்படும்படியாகத் தெரியவில்லை. காரணம், பெட்டி உண்மையிலேயே நிரம்பித்தான் இருந்தது. ஏழு வீட்டு ஆதார், பத்திரம், சிட்டா, ரேஷன் கார்டு, எல்லாவற்றின் ஸ்கேனும் அதில்தான் கிடந்தன. யாருடையதை அழிப்பது என்று தெரியாமல் எதையும் அழிக்காமல் வைத்திருந்தேன். இடம் தீரப்போகிறது என்ற சிவப்புக் கோடு பல வாரமாகவே மேலே இருந்தது. நான் தினமும் அதைப் பார்த்துக்கொண்டு, நாளைக்குச் சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அந்த மெயிலில் என் பெயர் இல்லை என்பதும் எனக்கு உறைக்கவில்லை. என் பெட்டிக்கு வருகிற எதிலும் என் பெயர் இருப்பதில்லை. வீட்டிலும் நான் அண்ணி, பாப்பாவோட அம்மா, மருமவ. அதுவே பழகிவிட்டிருந்தது.

திருப்பி அனுப்பப்படும் என்ற இரண்டு வார்த்தைகளை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவளுடைய அழைப்பு வந்து, இடமில்லாமல் திரும்பிப் போய்விட்டால்?

இணைப்பைத் தொட்டேன். வழக்கமாக உள்நுழைகிற பக்கம் மாதிரியே இருந்தது. முகவரியைப் போட்டேன், பாஸ்வேர்டைப் போட்டேன். உடனே போன் கேட்டது: வேறொரு சாதனத்தில் உள்நுழைய முயல்வது நீங்கள்தானா? நான்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்து ‘ஆம்’ அழுத்தினேன். நன்றி, உங்கள் பெட்டி விரிவாக்கப்பட்டது என்று வந்தது. குழந்தை விழுங்கினாள். நான் அடுத்த வாய் ஊட்டினேன்.

கையைக் கழுவிவிட்டு வந்தபோதுதான் அனுப்பியவர் முகவரியைத் திறந்து பார்த்தேன். எழுத்தும் எண்ணுமாக, வாயில் நுழையாத ஒரு நீளம். உடனே பாஸ்வேர்டை மாற்றியிருக்க வேண்டும். அதுவும் எனக்குத் தெரியும், சார்ட்டில் கடைசி வரியாக நானே எழுதியிருந்தேன். ஆனால் ஒருவேளை அது உண்மையாக இருந்து, நான் நடுவில் கை வைத்து விரிவாக்கம் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று இன்னொரு பக்கம் யோசனை. கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்று குழந்தையைத் தூங்க வைத்தேன். துணி மடித்தேன். மறுபடி போய் அந்த முகவரியைப் பார்த்தேன். மறுபடி துணி மடித்தேன்.

நான்கரை மணிக்கு மெயில் மறுபடி உள்நுழையச் சொன்னது. பாஸ்வேர்டு தவறு என்றது. மறந்துவிட்டேன் என்பதை அழுத்தினால், ஒரு எண்ணுக்குக் குறியீடு அனுப்புவதாகச் சொன்னது. அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என்னுடையதில்லை. என் கணவருடையதும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த யாருடையதும் இல்லை.

நான் அழவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் அழவில்லை. உடம்புக்குள் எங்கோ ஒரு ஸ்விட்சை அணைத்த மாதிரி இருந்தது. மாவு கரைத்தேன், தோசை ஊற்றினேன், மாமாவுக்குச் சர்க்கரை இல்லாத டீ கொடுத்தேன். குழந்தை கீழே விழுந்தபோதுகூடத் தூக்குவதற்கு ஒரு நொடி தாமதமானது. அத்தை ஓடி வந்து தூக்கினார்.

“என்னா, ஒரு மாதிரியா இருக்கற?” என்று என் கணவர் கேட்டார்.

“தலவலிங்க.”

“மாத்தர போட்டுக்க” என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போனார்.

பெட்டியை மீட்கும் படிவத்தை எத்தனை முறை நிரப்பினேன் என்று சொல்ல முடியாது. எந்த ஊரில், எந்த மாதம் தொடங்கினீர்கள், பழைய பாஸ்வேர்டு என்ன என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் முடிவில் நீங்கள்தான் என்று உறுதிப்படுத்த இயலவில்லை என்று வரும். அதைப் படிக்கும்போது சரிதான் என்று தோன்றும். வேறெதுவும் தோன்றாது.

புதன்கிழமை சைபர் குற்றங்களுக்கான உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினேன். பேசிய பெண் அன்பாகத்தான் கேட்டார்.

“எவ்வளவு பணம் போயிருக்குங்க?”

“பணம் எதுவும் போகலைங்க.”

“சரிங்க. அப்போ என்ன போயிருக்கு?”

ஏழு வீட்டுக் காகிதங்கள் என்று சொல்வதா, இன்னும் வராத ஒரு மெயில் என்று சொல்வதா? “மெயில் ஐடி” என்றேன். விவரம் கேட்டுப் பதிவு செய்துகொண்டார். வங்கிக் கணக்கு அதில் இணைந்திருந்தால் வங்கிக்குச் சொல்லுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிவிடுங்கள் என்றார். “சொல்லிடறேங்க” என்றேன். சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். பயம் என்று சொன்னால் பாதிதான் சரி. இந்த வீட்டில் யாரும் என்னைத் திட்ட மாட்டார்கள். அத்தை, “போனாப் போவுது, வேற ஒண்ணு தொறந்துக்க” என்றுதான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அடுத்த முறை யாராவது வந்து மெயில் ஐடி கேட்டால், அத்தை ஒரு வினாடி யோசிப்பார். அந்த ஒரு வினாடியை நினைத்துத்தான் நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குள் மீட்டுவிடலாம், மீட்டுவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். “அண்ணி, மெயில் ஏதாச்சும் வந்துச்சா?”

“இன்னும் வர்ல” என்றேன்.

“சரி” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். வந்ததா இல்லையா என்று தெரியாது என்பதுதான் உண்மை. அந்த இரண்டுக்கும் இடையில் அப்படியென்ன பெரிய தூரம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு விடுமுறை. தலைக்குக் குளித்துவிட்டு மொட்டை மாடியில் முடி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் துணி காயப்போடப் போனேன். ஒரு புடவையைக் கொடியில் போட்டுவிட்டு, அதற்குப் பின்னால் நின்றுகொண்டுதான் சொன்னேன். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை.

“உன் மெயிலு வர்ற பொட்டி போயிடுச்சும்மா. நான் ஒரு போலி மெயிலுல பாஸ்வேர்டு குடுத்துட்டேன்.”

“எப்போ?”

“செவ்வாக்கிழமை.”

கீழே யாரோ டிராக்டரை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்கள், எஞ்சின் பிடிக்காமல் உறுமிக்கொண்டிருந்தது.

“நான் வியாழக்கிழமை கேட்டேன் இல்ல?” என்றாள்.

“கேட்ட.”

“வர்லன்னு சொன்னீங்க.”

“ம்.”

அவள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். “நாளைக்கு ஆபீசுக்கே போயிப் பாத்துக்கலாம். செர்டிபிகேட் எல்லாம் எடுத்து வைக்கறேன்” என்று படியிறங்கினாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஏதாவது உறைத்திருக்கும். நான் மீதித் துணியைக் காயப்போட்டுவிட்டுத்தான் கீழே வந்தேன்.

திங்கட்கிழமை குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டு இருவரும் தர்மபுரி போனோம். பஸ்ஸில் அவள் சான்றிதழ் கவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு காகிதமாக எடுத்துப் பார்த்து, மறுபடி அதே வரிசையில் வைத்தாள். என் பங்குக்கு ஏதாவது பேச வேண்டும் என்று, “போட்டோ எடுத்துக்கிட்டியா?” என்றேன். “எடுத்துக்கிட்டேன்” என்றாள்.

அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா விண்ணப்ப எண்ணைக் கேட்டார். பட்டியலில் விரலை வைத்துக் கீழே கொண்டுவந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“இருக்குதேம்மா உன் பேரு. வெள்ளிக்கிழமையே வந்திருக்கணுமே. மெயில் பாக்கலியா?”

“எப்போ அனுப்பினீங்க?” என்று நான் கேட்டேன்.

“புதன்கிழமை காலையில.”

பெட்டி என் கையைவிட்டுப் போய் முழுதாக ஒரு நாள்கூட ஆகவில்லை அப்போது.

என் நாத்தனார் என்னைப் பார்க்கவில்லை. “மெயில் ஐடி போயிடுச்சுங்க மேடம். அதான் தெர்ல” என்றாள். யாருடையது, எப்படிப் போனது என்று எதுவும் சொல்லவில்லை. நான்தான், “என் தப்புங்க. என்னோட ஐடியத்தான் குடுத்திருந்தோம்” என்று ஆரம்பித்து, நிரம்பிய பெட்டி, விரிவாக்கம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

“எனக்கே தெனம் நாலு வருதும்மா, பொட்டி ரொம்பிடுச்சுன்னு. பாவம், தெரியாம செஞ்சிட்டீங்க. ஆனா போனது தெரிஞ்ச அன்னிக்கே ஒரு நடை வந்து சொல்லியிருக்கலாம் இல்ல? வெள்ளி, சனி ரெண்டு நாளும் சரிபாத்தோம். சனிக்கிழமை மதியத்துக்குள்ள வந்திருந்தாக்கூட உக்கார வெச்சிருப்பாங்க. வராதவங்க எடத்துக்கு அடுத்தவங்களக் கூப்புட்டாச்சு.”

சனிக்கிழமை மதியம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வேண்டுமானால் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், மேலே வைக்கிறேன், உறுதி சொல்ல முடியாது என்றார். அவள் அங்கேயே நின்றபடி, சுவரில் காகிதத்தை வைத்து எழுதினாள். காரணம் என்ற இடத்தில், மின்னஞ்சல் கிடைக்கப்பெறவில்லை என்று எழுதினாள். கையெழுத்து ஒரு கோணலும் இல்லாமல் இருந்தது. கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். அந்தக் கடிதத்துக்கு இதுவரை பதில் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பாலக்கோடு பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்தோம். நான் டீ வாங்கி வந்தேன். அவள் குடித்தாள். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வழி முழுக்க வாக்கியம் தயார் செய்திருந்தேன். வாயைத் திறந்தால் அது தலையிலேயே இல்லை. “இன்னொரு டீ வேணுமா?” என்றுதான் வந்தது.

“வேணாம் அண்ணி.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் போனை எடுத்தாள். “எனக்குப் புதுசா ஒரு மெயில் தொறக்கணும். எப்டின்னு சொல்லுங்க.”

சொன்னேன். பெயரைப் போடு. பிறந்த தேதி. இந்த முகவரியை வேறு யாரோ எடுத்துவிட்டார்களாம், ஒரு எண் சேர்த்துப் பார். உன் போன் நம்பரைக் கொடு, என்னுடையது வேண்டாம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. அடுத்து பாஸ்வேர்டு.

“நீளமா வை. பிறந்த தேதி, பேரெல்லாம் வெக்காத. வேற யாருக்கும் தெரியாததா இருக்கணும்” என்றேன்.

“ம்” என்றாள். கொஞ்ச நேரம் எதிரே நின்ற பஸ்களைப் பார்த்து யோசித்தாள். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே பாதி திரும்பி, தோளால் மறைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தாள். அதில் கோபம் எதுவும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்கிற மாதிரிதான் செய்தாள். இரண்டாவது முறை போடச் சொல்லும், அதற்கும் அப்படியே திரும்பியிருந்தாள். நான் அவள் முதுகைப் பார்க்காமல் பஸ் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அரூர், பென்னாகரம், சேலம்.

“ஆச்சு” என்று திரும்பினாள்.

முகவரி என்ன என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாலக்கோடு பஸ் வந்ததும் கவரை எடுத்துக்கொண்டு முன்னால் ஏறி, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். எனக்காகப் பக்கத்து இடத்தில் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தாள். நான் போய் அதில் உட்கார்ந்தேன்.